கேஸ் பிரிட்ஜ் திருத்தப் பழகும் கல்முனைத் தம்பிக்கு

கேரவன் பிரிட்ஜில் கம்பிரசர் இல்லை. அடியில் சூடு கொடுத்தால்தான் உள்ளே குளிர் பிறக்கும். பின்பக்கக் குழாய்களில் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கின்றன. சூடேறியதும் அமோனியா தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே போய்த் திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜனுக்கு நடுவே ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு, திரும்பவும் தண்ணீரில் கரைகிறது. 1922இல் ஸ்வீடனில் வொன் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. பழைய மண்ணெண்ணெய் பிரிட்ஜும் இதே இனம்தான்.

அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் தொடங்கினால், பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று வழியாகக் கல்முனைக்கு வரும் ஏ4 வீதியில் இத்தகைய பிரிட்ஜ் உள்ள வேன்களைக் காணலாம். வீட்டு பிரிட்ஜில் கைபழகிய மெக்கானிக் முதலில் கேஸ் நிரப்பும் வாயைத் தேடுவார். இதில் அது கிடையாது. அவர் செய்யவேண்டிய முதல் வேலை, 230 வோல்ட் கரண்டில் பிரிட்ஜை ஓடவிட்டுப் பார்ப்பது. கரண்டில் குளிர்ந்து கேஸில் குளிராவிட்டால் குழாய்த்தொகுதி நல்லது. குறை சூடு கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறது. குளிர் பிடிக்கப் பல மணி நேரமாகும். அரை மணியில் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

நெருப்பே பற்றாவிட்டால், சிலிண்டரிலிருந்து பர்னர் வரை வரிசையாகப் பார்க்கவேண்டும். சிலிண்டர் மாற்றியிருந்தால் ஹோஸில் காற்று நிற்கும். அது வெளியேறும்வரை பற்றவைத்துப் பார்க்கவேண்டும். வெளிநாட்டு வேனின் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வாய்க்குப் பொருந்தாமல், கிடைத்ததைப் பூட்டியிருப்பார்கள். பிரிட்ஜின் தகட்டில் எழுதியிருக்கும் மில்லிபார் அளவும் ரெகுலேட்டரின் அளவும் ஒன்றா என்று ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஐரோப்பியக் கையேடுகள் குளிரில் பியூட்டேன் ஆவியாகாததைப் பற்றிப் பக்கம்பக்கமாக எச்சரிக்கும். பியூட்டேனின் கொதிநிலை பூச்சியம் பாகைக்குச் சற்றுக் கீழே. கல்முனையில் அந்தக் கவலை வேண்டாம்.

இங்குள்ள எதிரி உப்புக்காற்று. புகைக்குழாயில் துரு உதிர்ந்து பர்னர் மேல் விழுகிறது. நாட்கணக்காக நிறுத்திய வேனில் சிலந்தி பர்னர் குழாய்க்குள் வலை கட்டுகிறது. கேஸ் பாயும் ஜெட்டின் துளை முடியளவுதான். அதில் ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெருத்து, நெருப்பு மஞ்சளாகி, கரி படியும். கார்பன் மொனொக்சைட்டும் உண்டாகும். ஜெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்க்கவேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களிடம் வேலை பழகக்கூடாது.

பற்றிய நெருப்பு, குமிழை விட்டதும் அணைந்தால் தெர்மோகப்பிளில் கண் வைக்கவேண்டும். அதன் நுனி நெருப்புக்குள் நிற்கவேண்டும். சூட்டில் அது தரும் சில மில்லிவோல்ட்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடிக்கிறது. குமிழை 15, 20 செக்கனாவது அழுத்தியிருந்தும் நிற்காவிட்டால், நுனியின் கரியைத் துடைத்து, வால்வுப் பக்க இணைப்பை இறுக்கி, பிறகே புதிது வாங்கச் சொல்லலாம்.

நீல நெருப்பு நின்றெரிந்தும் குளிராவிட்டால், வேன் சரிந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். உள்ளே திரவம் பம்பால் அல்ல, புவியீர்ப்பால் ஓடுகிறது. மணலில் ஒரு சில்லுப் புதைந்தாலே ஓட்டம் நின்றுவிடலாம். அடுத்தது காற்றோட்டம். கச்சான் வீசும் மாதங்களில் வெளிக்காற்றே கொதிக்கும்; பின்பக்கத்துக் கீழ், மேல் துவாரங்களைப் பையோ துணியோ அடைத்திருந்தால் எந்தப் பழுதும் இல்லாத பிரிட்ஜும் தோற்றுப்போகும். அதே காற்று துவாரத்துக்குள் நேராக அடித்தால் நெருப்பை அணைத்தும்விடும். வேனைத் திருப்பி நிறுத்தச் சொல்வதற்குக் கூலி கேட்பதா என்பது மெக்கானிக்கின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

கரண்டிலும் கேஸிலும் குளிரவில்லை, பின்னால் மஞ்சள் தூள் படிந்திருக்கிறது, அமோனியா நெடி அடிக்கிறது என்றால் குழாய் அரித்துவிட்டது. பிரிட்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் பழைய வைத்தியம் உள்ளடைப்புக்குச் சிலவேளை உதவியிருக்கலாம், ஓட்டைக்கு உதவாது. உள்ளே உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருப்பதால் அந்தக் குழாயில் வெல்டிங் பிடிப்பது உயிராபத்து. கேஸை மூடி, குழாய்த்தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடவேண்டும்.