ஆற்றங்கரையில் ஒரு நினைவுப் பலகை

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் நூலகத்தை நாடுவர். அவ்வூர் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக் கொள்கிறது என்பதை அறிய விரும்புவோரோ, அங்கு நடப்பட்டுள்ள கல்லையும் பலகையையும் நாட வேண்டும். எதை எழுதி வைத்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பது அங்கே விளங்கும். அமெரிக்காவின் தென் மாநிலமாகிய மிசிசிப்பியில், டாலஹாட்சி ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு பலகையின் கதையை இங்குக் காண்போம்.

ஆறும் மக்களும்

டாலஹாட்சி ஆறு, யாலோபுஷா ஆற்றோடு கூடி யாசூ ஆறு என்னும் பெயர் பெற்று, முடிவில் மிசிசிப்பிப் பேராற்றில் கலக்கின்றது. இவ்வாறுகள் கொணர்ந்த வண்டல் பருத்திக்கு ஏற்றது. அந்நிலத்தில் உழைத்தவர்கள் கருப்பின மக்கள். முதலில் அடிமைகளாகவும், அடிமை முறை ஒழிந்தபின் பெரும்பாலும் குத்தகை உழவர்களாகவும் வாழ்ந்தனர். நிலமும் நீதிமன்றமும் வாக்குரிமையும் வெள்ளையர் கையில் இருந்தன.

1955-ஆம் ஆண்டு நிகழ்ச்சி

1955 ஆகஸ்டில் சிகாகோ நகரிலிருந்து எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், உறவினரைக் காண இப்பகுதிக்கு வந்தான். மணி என்னும் சிற்றூரின் கடையில் வெள்ளையர் குலப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று குற்றம் சாட்டப்பட்டான். ஆகஸ்டு 28 அன்று இரவில் அவனைத் தூக்கிச் சென்று கொன்றனர். மூன்று நாள் கழித்து அவன் உடல் டாலஹாட்சி ஆற்றில் கிடைத்தது. பருத்தி அரவை ஆலையின் கனத்த விசிறி ஒன்று முள்கம்பியால் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது.

தாய் மேமி டில், மகனின் சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைக்கச் செய்தார். சம்னர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சிறுவனின் பாட்டன் முறையினரான மோசஸ் ரைட், சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று குற்றவாளிகளைக் கைநீட்டிக் காட்டினார். அக்காலத்தில் அங்கே அது உயிரைப் பணயம் வைத்த செயல். ஆயினும் வெள்ளை ஆடவர் பன்னிருவர் கொண்ட ஜூரி, சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுதலை செய்தது. 1956 ஜனவரியில் அவ்விருவரும் தாங்களே கொன்றதாக ஒரு பத்திரிகைக்குக் கூறினர். ஒரே குற்றத்திற்கு இருமுறை விசாரணை இல்லை என்னும் சட்டம் அவர்களைக் காத்தது.

அரை நூற்றாண்டு மௌனம்

இதன் பின்னர் ஐம்பது ஆண்டுகள், இப்பகுதியில் இந்நிகழ்ச்சியைக் கூறும் பலகை ஒன்றுகூட நடப்படவில்லை. 2006-இல் இரு இனத்தாரும் அடங்கிய நினைவுக் குழு அமைந்தது. 2007 அக்டோபர் 2 அன்று, சம்னர் நீதிமன்றத்தின் முன் மாவட்டத்தார் டில் குடும்பத்திடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தனர். 2008-இல் எட்டு இடங்களில் பலகைகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று, உடல் கண்டெடுக்கப்பட்ட இடமாகக் கருதப்படும் கிராபால் என்னும் பழைய படகுத்துறையில் நிறுவப்பட்டது.

பலகை பட்ட பாடு

அவ்வாண்டே அப்பலகையைத் திருடி ஆற்றில் எறிந்தனர். இரண்டாம் பலகை ஆண்டுக் கணக்கில் துப்பாக்கிக்கு இலக்காயிற்று. அதில் 317 குண்டுத் துளைகள் எண்ணப்பட்டன. 2018 ஜூனில் மூன்றாவது பலகை வந்தது. முப்பத்தைந்தே நாளில் அதுவும் சுடப்பட்டது. 2019 அக்டோபரில் நான்காவதாக, குண்டு துளைக்காத எஃகில், 500 பவுண்டு எடையுள்ள பலகையை நிறுவினர். முந்தைய பலகைகள் திருடப்பட்டதும் சுடப்பட்டதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. துளைபட்ட இரண்டாம் பலகையோ, 2021-இல் தலைநகர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2023 ஜூலை 25 அன்று இத்துறையும், சம்னர் நீதிமன்றமும், சிறுவனுக்கு இறுதி வழிபாடு நடந்த சிகாகோ தேவாலயமும் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன.

நாம் அறிவது என்ன?

இங்கு ஒரு வினா எழும்: உடைக்க உடைக்கப் பலகை நடுவதால் பயன் யாது? இறந்தவன் மீளப் போவதில்லையே! உண்மை. ஆயினும், பலகைக்குப் பொருள் இல்லையென்றால் அதனை ஒருவன் இரவில் வந்து சுட வேண்டிய தேவையும் இல்லை. கொலைக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த எழுத்தைக் கண்டு ஒருவன் சினம் கொள்கிறான் என்றால், அவ்வரலாறு இன்னும் முடியவில்லை என்பதே பொருள். குண்டுத் துளைகளும் வரலாற்றுச் சான்றுகளே. அவற்றை எறியாமல் காத்தது அறிவுடைமை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. பெருமையைப் பொறிப்பது எவ்வூர்க்கும் எளிது. தன் நீதிமன்றத்தில் நீதி தவறியதைத் தன் வாசலிலேயே எழுதி வைப்பது அரிது. சம்னர் மக்கள் அதனைச் செய்ய ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின, ஆயினும் செய்தனர்.

முடிவுரை

ஆறு உடலை மறைக்கவில்லை. மூன்றே நாளில் கரையில் காட்டிற்று. மறைக்க முயன்றவர் மனிதர். மீண்டும் மீண்டும் பலகை நட்டு உண்மையைக் காத்தவரும் மனிதரே. வரலாறு பயிலும் நாம், ஒரு கல்லின் முன் நிற்கும்போது அதிலுள்ள எழுத்தைப் படிப்பதோடு நில்லாமல், அதை நட்டவர் யார், நடவிடாமல் தடுத்தவர் யார் என்றும் வினவப் பழகுவோமாக.