பொதியும் பூட்டும் முத்திரையும்

ஊருக்குச் செல்லும் நண்பரிடம் வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பொருள்களை மடித்து அடக்குகிறோம். பின்னர்ப் பூட்டுகிறோம். பூட்டின்மேல் அரக்கு முத்திரையும் இடுகிறோம். அடக்குவது இடத்தைக் காக்கும். பூட்டுவது பிறர் பார்வையைத் தடுக்கும். முத்திரையோ, பெட்டி நம்முடையதே, வழியில் எவரும் திறக்கவில்லை என்பதற்குச் சான்றாகும். மூன்றும் வெவ்வேறு தொழில்கள். கணிப்பொறியில் நாம் கையாளும் சுருக்கப் பொதிகளிலும் இம்மூன்றும் தனித்தனியே செய்யப்பட வேண்டியவை. ஒன்றைச் செய்துவிட்டு மற்ற இரண்டும் ஆகிவிட்டன என்று எண்ணுவதே நம்மிற் பலர் செய்யும் பிழை.

ஜிப் என்னும் பொதி அமைப்பை 1989-இல் அமெரிக்கரான பில் காட்ஸ் வெளியிட்டார். பொதி சுருங்குவது எவ்வாறு? ஒரு சொற்றொடர் மறுபடி வந்தால், அதனை மீண்டும் எழுதாமல், 'இத்தனை எழுத்து பின்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்ற சிறு குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறுகிய குறியீடும், அரிதாக வருவனவற்றுக்கு நீண்ட குறியீடும் தரப்படுகின்றன. ஆகவே சுருக்கத்துக்கு அடிப்படை, திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு. மறையாக்கமோ அவ்வொழுங்கை அடியோடு அழிப்பது. எனவே சுருக்கிய பின்னரே மறையாக்கம் செய்தல் வேண்டும். மாற்றிச் செய்தால் பொதி சுருங்கவே சுருங்காது.

இனிப் பூட்டுக்கு வருவோம். ஜிப்பின் பழைய கடவுச்சொல் முறை வலுவற்றது. 1994-இல் பிஹாம், கோச்சர் என்ற இருவர் இதனை நிறுவினர். பொதியிலுள்ள ஒரு கோப்பின் சிறு பகுதி எதிரிக்கு முன்பே தெரிந்திருந்தால் போதும். கடவுச்சொல்லை அறியாமலே உள்திறவுகோல்களைக் கணித்துவிடலாம். அதே கடவுச்சொல்லால் பூட்டிய ஏனைய கோப்புகளும் திறந்துகொள்ளும். நம் சான்றிதழ்களுடன் எல்லாரிடமும் உள்ள ஒரு விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்துக் கட்டினால், அந்தப் படிவமே கள்ளச் சாவியாகிவிடுகிறது!

இதற்கு மாற்று, ஏ.இ.எஸ். என்னும் வலிய மறையாக்கம். பெல்ஜிய நாட்டினரான டேமன், ரைமன் ஆகியோர் வகுத்த முறை இது; 2001-இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. வின்ஜிப், 7-ஜிப் முதலிய நிரல்களில் 256 பிட் திறவுகோலுடன் இது கிடைக்கிறது. இயலக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டது. அத்தனையையும் முயன்று பார்த்தல் எவராலும் ஆகாது.

ஆனால் திருடன் திறவுகோலைத் தேடுவதில்லை, கடவுச்சொல்லையே தேடுவான். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைப்போர் நம்மில் எத்தனை பேர்? நூறு ஆண்டுகளுக்கு மொத்தம் 36,525 நாள்களே உள்ளன. இவற்றை முயல்வது கணிப்பொறிக்கு ஒரு பொழுது வேலை. ஒவ்வொரு முயற்சியையும் தாமதப்படுத்த 7-ஜிப் 5,24,288 சுற்றுக் கணக்கிடுகிறது. அந்தத் தாமதமும் இத்துணைச் சிறிய பட்டியலைக் காப்பாற்றாது. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் குருட்டாம்போக்கில் பொறுக்கிக் கோத்துக்கொள்வது நன்று. அதனைப் பொதி செல்லும் அதே மடலில் எழுதாமல், தொலைபேசியில் சொல்லுவது அதனினும் நன்று. இன்னொன்று: ஜிப் பொதியை ஏ.இ.எஸ். கொண்டு பூட்டினாலும் வழக்கமாகக் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். 'மருத்துவ அறிக்கை' என்ற பெயரே ஒரு செய்தியன்றோ? 7இசட் அமைப்பில் பெயர்களையும் மறைக்கும் வசதி உண்டு. அதனை நாமே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இறுதியாக முத்திரை. சங்கக் கணக்கு ஒரு பொதியில் இருக்கிறது; ஐவருக்குக் கடவுச்சொல் தெரியும். ஒருவர் திறந்து, ஓர் எண்ணை மாற்றி, மீண்டும் பூட்டினால், மாற்றியவர் யார் என்று பூட்டு சொல்லுமா? சொல்லாது. ஜிப்பிலுள்ள சி.ஆர்.சி. என்னும் சரிபார்ப்பு எண் தற்செயலான பழுதைக் காட்டும். வேண்டுமென்றே செய்த மாற்றத்தைக் காட்டாது, மாற்றியவரே புதிய எண்ணையும் எழுதிவிடலாமாதலின்.

இங்கேதான் மின்கையொப்பம் உதவுகிறது. 1976-இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் இக்கருத்தை முன்வைத்தனர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதற்கு வழி கண்டனர். ஒருவருக்கு இரு திறவுகோல்கள்: ஒன்று இரகசியம், மற்றது பகிரங்கம். பொதி முழுவதிலிருந்தும் ஒரு சிறு சாரவெண் கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினும் அது மாறிவிடும். இரகசியத் திறவுகோலால் அதன்மீது ஒப்பமிடுகிறோம். பகிரங்கத் திறவுகோல் உள்ள எவரும் சோதிக்கலாம். 7-ஜிப் பூட்டித் தரும் பொதிக்கு, ஜி.என்.யு.பி.ஜி. என்னும் இலவச நிரலால் தனி ஒப்பக் கோப்பு செய்து உடன் அனுப்பலாம்.

ஒப்பம் முழுப்பொதிக்கும் உரியதாதல் வேண்டும். ஆண்ட்ராய்டு செயலிகளும் ஜிப் பொதிகளே. 2013-இல் அவற்றில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒரே பெயரில் இரு கோப்புகளை உள்ளே வைத்தால், ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றொன்றை நிறுவியது கருவி! பின்னர் அது திருத்தப்பட்டது.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அளித்தது. அதற்கு உரிமம் பெற்ற அமைப்பின் சான்று வேண்டும். நமக்குள் இட்டுக்கொள்ளும் ஒப்பத்துக்கோ, பகிரங்கத் திறவுகோலை நேரிற் கண்டு ஒப்பிட்டுக்கொள்வதே சான்று.

நண்பர்களே, நல்ல பூட்டுக்கு மாற்றுச்சாவி இல்லை. கடவுச்சொல்லை மறந்தால் பொதி நமக்கும் திறவாது. ஆகவே அதனை எழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை வீட்டுக்குச் சான்றிதழ் அனுப்பும்போது, அடக்கியதோடு நில்லாமல், பூட்டியும் முத்திரையிட்டும் அனுப்புவீர்களாக!