திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு மாதிரி ஆப்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து வெளியூர் ஆர்டர் பிடிக்க ஒரு ஆப் போடலாமே என்று நினைப்பவர்கள், ஆள் வைத்து முன்பணம் கொடுக்கும் முன், யோசனை எடுபடுமா என்று தாங்களே பார்த்துவிடலாம். கூகுள் ஏஐ ஸ்டுடியோ, லவபிள் போன்ற ஏஐ கருவிகளில் கோடிங் தெரியாமலே, தமிழில் எழுதிக் கேட்டே ஒரு மாதிரி ஆப்பை உருவாக்கிவிட முடியும்.

கேட்பதை விவரமாகக் கேளுங்கள். 'பூட்டுக் கடைக்கு ஆப் வேண்டும்' என்றால் அலங்காரப் பக்கம்தான் வரும். 'மாங்காய்ப் பூட்டு, நாலு அளவு. படம், விலை, எண்ணிக்கை, ஊர். கடைசியில் ஒரு பட்டன். தொட்டால் விவரம் என் வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும். எழுத்து பெரிதாக, தமிழில்' என்று எழுதுங்கள். லாகின், பணம் கட்டும் வசதி இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது சோதனை, இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். கடைக்கு வரும் ஐந்தாறு பேரிடம் போனைக் கொடுத்து ஆர்டர் போடச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்காமல் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்தம் தேவை. 'நல்லா இருக்குங்க' என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'ரெண்டு பூட்டு அனுப்பிவிடுங்க' என்றால் யோசனை தேறிவிட்டது.

வாடிக்கையாளரின் உண்மையான போன் எண், முகவரியை மாதிரியில் ஏற்றாதீர்கள். 'ஐந்து வருட உத்தரவாதம்' என்று ஏஐ தானாகவே எழுதிவைக்கலாம்; வரிவரியாகப் படித்து, நீங்கள் தராத வாக்குறுதிகளை நீக்குங்கள்.

சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்கும் இதே வழிதான். சேலை நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும் என்பதால் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.