நீர்க்குஞ்சு பேணல்

மெக்சிகோ நாட்டின் தலைநகரில் சோச்சிமில்கோ என்னும் பழைய ஏரிப்பகுதி ஒன்று உளது. அதன் கால்வாய்களே ஆக்சலாட்டல் என்னும் உயிரின் தாயகமாகும். நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை முதலியவற்றோடு ஓரினமாயினும், இது வளர்ந்த பின்னும் பொதுவாகக் கரையேறுவதில்லை. தலையின் இருமருங்கும் செவுள்கள் இறகெனக் கிளைத்து நிற்க, நீரிலேயே வாழ்ந்து முடிகின்றது. 1864ஆம் ஆண்டில் 34 ஆக்சலாட்டல்கள் கடல் கடந்து பாரிசு மாநகரை அடைந்தன. அந்நாள் தொட்டு அறிஞர்கள் இவ்வுயிரை ஆய்வுக்கூடங்களில் வளர்த்து வருகின்றனர்.

வளர்ப்போர்க்கு உண்மையான சோதனை முட்டை பொரிந்த பின்னரே தொடங்குகின்றது. முட்டையிட்ட இரண்டு அல்லது மூன்று வாரங்களில் குஞ்சு வெளிப்படும். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே, கால்களும் இரா. முதல் இரண்டு மூன்று நாள்கள் வயிற்றகத்துள்ள மஞ்சட்கருவே அதற்கு உணவு. அப்பொழுது இரையிடுதல் வீண். நீர் மாசுறுவதே அதன் பயன்.

மஞ்சட்கரு தீர்ந்த பின்னரோ காலந்தாழ்த்தலாகாது. இளங்குஞ்சு அசைவதையே இரையென அறியும். அசையாத உணவு அருகே கிடப்பினும் பசியால் மடியும். ஆதலின், அப்பொழுதே பொரித்த உவர்நீர் இறாற்குஞ்சுகளை நன்னீரிற் கழுவி நாள்தோறும் இடுவர். அவையோ நன்னீரில் சில மணி நேரமே உயிர் தரிக்கும். உண்ணாது எஞ்சியவை மாண்டு அழுகும். எனவே, உணவிட்டவர் கடமை அதனோடு முடிவதில்லை. எஞ்சியதை அகற்றி, குளோரின் நீங்கிய குளிர்ந்த நீரை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும்.

சின்னாளில் முன்னங்கால்கள் தோன்றும். அப்பொழுது மற்றோர் இடர் நேரும். நெருக்கமாக வாழும் குஞ்சுகள், அசையும் உடன்பிறப்பின் காலையும் இரையெனக் கவ்வும். இழந்த கால் மீண்டும் வளரும் ஆற்றல் இவ்வினத்துக்கு உண்டு. எனினும், அதனை நம்பி வாளாவிருத்தல் தகாது. பெரியவற்றையும் சிறியவற்றையும் வெவ்வேறு கலங்களிற் பிரித்து வைத்தலே முறை.

தூய நீர், உயிருள்ள இரை, ஒதுங்கி வாழ இடம் ஆகிய இம்மூன்றையும் முன்னாளில் அவ்வேரி கேளாமலே அளித்தது. பின்னர் நகரின் கழிவு அதிற் கலந்தது. மனிதர் கொணர்ந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 1998இல் சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என இருந்த ஆக்சலாட்டல்கள், 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36 எனக் குறைந்தன. ஏரி எளிதாகச் செய்த பணியை மனிதன் ஒரு சிறு கலத்தில் அரிதின் முயன்று செய்கின்றான். அக்கலத்தைத் தூய்மை செய்யும் கை, ஏரியைத் தூய்மை செய்யவும் நீளுதல் வேண்டுமன்றோ?