படக் கோப்பில் பதுங்கி வரும் திருட்டு



குலசை தசராவில் வேடம் பூண்டு நம் கடை வாசலுக்கு வருவோரை நாம் அறிவோம். காணிக்கை போட்டு வணங்கி அனுப்புகிறோம். ஆனால் கணினிக்குள் வேடம் போட்டு வருகிறவன் காணிக்கையோடு போவதில்லை. கல்லாவையே கொண்டு போவான். பற்று வரவு, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே கணினியில் வைத்திருக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

வேடம் இரண்டு வகைப்படும். கல்யாணப் பத்திரிகை என்று பெயரிட்டு ஏபிகே செயலியை அனுப்புவது முதல் வகை. இதைப் பெயரின் வாலைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். இரண்டாம் வகையில் வருவது பார்வைக்கு அசல் வீடியோவேதான். கெடுதல் அதைத் திறக்கும் மென்பொருளின் ஓட்டையில் இருக்கிறது. 50 கிலோ சாக்கு என்று சீட்டில் எழுதிவிட்டு 70 கிலோ சரக்கை உள்ளே திணித்தால், சாக்கு கிழிந்து பக்கத்துச் சரக்கில் கொட்டும் அல்லவா? அதுபோல, கோப்பில் பொய்யான அளவு எழுதப்பட்டிருக்கும். சரிபார்க்காமல் நம்பும் மென்பொருளின் நினைவகத்தில் திருடனின் கட்டளை வழிந்து புகும்.

இது கற்பனையல்ல. 2015இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' எனும் ஓட்டை வெளிப்பட்டது, எம்.எம்.எஸ். வழியே வரும் வீடியோவே அதற்குப் போதுமாயிருந்தது. 2019 நவம்பரில், எம்பி4 கோப்பைப் படிப்பதில் வாட்ஸ்அப்பில் இருந்த குறை வெளியானது. நமது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரித்து, செயலியைப் புதுப்பிக்கச் சொன்னது.

சரி, திருடன் புகுந்ததை எப்படி அறிவது? விண்டோஸ் கணினி ஒரு நாட்பதிவு எழுதுகிறது. நாம் அதனிடம் கேள்வி கேட்க வேண்டும்.

1. படம் காட்டும் மென்பொருள் திடீரென நின்றதா? இது 1000 என்ற எண்ணில் பதிவாகும். கெட்டுப்போன நல்ல கோப்பும் இப்படி நிறுத்தக் கூடும். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துத் திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம்.

2. அந்த மென்பொருள் வேறு நிரலைக் கிளப்பியதா? இது 4688 என்ற எண்ணில் இருக்கும். வீடியோ காட்டுகிறவனுக்குக் கட்டளைத் திரையிடமோ பவர்ஷெல்லிடமோ என்ன வேலை? படியளக்க நிற்கும் பையன் கல்லாச் சாவியைக் கேட்பது போன்றது அது.

3. அதே நேரத்தில் தற்காலிகக் கோப்புறையில் புதிய நிரல் ஏதும் விழுந்ததா? அறியாத முகவரிக்குத் தொடர்பு போனதா?

இவற்றில் இரண்டு சில நிமிடங்களுக்குள் சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. 4688 பதிவு பெரும்பாலும் தானாக எழுதப்படுவதில்லை. கணினி பராமரிப்பவரிடம் சொல்லி முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். பதிவேட்டின் அளவு சிறிதானால் பழைய வரிகள் அழிந்து புதியவை ஏறும்; அளவைக் கூட்டி, பிரதியையும் வேறிடத்தில் வையுங்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் காக்கவும், சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. நாமும் அந்த ஒழுங்கைப் பழகுவது நல்லது.

சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கோப்பை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. வேறு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், மென்பொருள்களை அவ்வப்போது புதுப்பியுங்கள். கணக்கு வைத்திருக்கும் கணினியில் கண்ட கண்ட வீடியோக்களைத் திறக்காதீர்கள். இரவு கடை அடைக்குமுன் பூட்டை இழுத்துப் பார்ப்பது நம் பழக்கம். வாரம் ஒருமுறை நாட்பதிவைப் பார்ப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்வோம்.