இருமலுக்குச் சூரியன் பொறுப்பல்ல

ஜூலை பிறந்தால் போதும், ஆயர் தாவாரில் குடும்பப் புலனக் குழுக்களில் அந்தச் செய்தி வந்து விழுந்துவிடும். நாளைக் காலை 5.27-க்கு ‘அபீலியன்’ தொடங்குகிறதாம், பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறதாம், ஆகஸ்டு 22 வரை குளிருமாம், சளியும் இருமலும் மூச்சுத்திணறலும் வருமாம். படிக்க வாய்ப்பில்லாத பெரியவர்கள் நம்பினால் பொறுத்துக்கொள்ளலாம். எஸ்.பி.எம். முடித்தவர்களும் ஆசிரியர்களும் இதைத் தட்டிவிடுவதைப் பார்த்தால், புவியியல் பாடம் நடத்துகிற எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தச் செய்தியில் ஒரு கணக்கும் உண்டு. சூரியன் வழக்கமாக 9 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறதாம். இப்போது அது 15 கோடியே 20 லட்சம் ஆகிவிடுமாம், 66 விழுக்காடு கூடுதலாம். வெள்ளிக்கோளே சூரியனிலிருந்து ஏறக்குறைய 10 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் சுற்றுகிறது. 9 கோடி என்றால் நாம் வெள்ளிக்கும் உள்ளே இருக்க வேண்டும்! பூமியின் உண்மையான சராசரித் தூரம் 14 கோடியே 96 லட்சம். ஜனவரி தொடக்கத்தில் 14 கோடியே 71 லட்சம், ஜூலை தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம். வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பூமி உருவான நாளிலிருந்து ஆண்டுதோறும் நடப்பது இது. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் 1609-லேயே எழுதிவிட்டார்.

தூரம் கூடுவதால் ஜூலை வெயிலின் வலு ஜனவரியைவிட 7 விழுக்காடு அளவுக்குக் குறைவது உண்மை. ஆனாலும் பூமி முழுவதற்குமான சராசரி வெப்பம் ஜூலையில்தான் அதிகம். நிலப்பரப்பில் பெரும்பகுதி வடபாதியில் இருக்கிறது, அப்போது அங்கே கோடைக்காலம், நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறும். ‘விடியற்காலையில் குளிர்கிறதே, சார்’ என்பார்கள். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. அதற்குச் சூரியனைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

இருமல் மட்டும் பொய்யில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இங்கே மழை குறைவு, சுமத்ராவிலும் வறட்சி. ரியாவ் வட்டாரத்தில் கரிமண் காடுகள் எரிந்தால் புகை நீரிணையைத் தாண்டி நம் பக்கம் வந்துவிடுகிறது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயகரம் என்பது சுற்றுச்சூழல் துறையின் வரையறை.

எல்லாப் பழியையும் சுமத்ரா மீதே போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு நம் கம்பங்களில் நடந்து பாருங்கள். வேலியோரம் காய்ந்த செம்பனை மட்டை, தேங்காய் மட்டை, அதற்குமேல் பிளாஸ்டிக் பை, பிள்ளையின் பழைய டயப்பர். தீ பற்றிக்கொண்டதும் ஆள் உள்ளே போய்விடுவார். இருட்டியதும் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அடங்கிவிடும். புகை மேலே ஏற வழியின்றி ஜன்னல் உயரத்திலேயே தவழ்ந்து பக்கத்து வீட்டுக்குள் நுழையும். அங்கே ஆஸ்துமாக்காரப் பாட்டி தூங்கிக்கொண்டிருப்பார். மறுநாள் காலை அதே ஆள்தான் அபீலியன் செய்தியை அனுப்புகிறார்.

‘குறியீடு ஐம்பதுக்குக் கீழேதானே, காற்று நல்லது’ என்பது அடுத்த வாதம். நமக்கு அருகிலுள்ள அளவை நிலையம் ஸ்ரீ மஞ்சோங்கில் இருக்கிறது. குறியீட்டுக்கான நுண்துகள் கணக்கும் 24 மணி நேரச் சராசரி. உங்கள் கொல்லையில் இரண்டு மணி நேரம் எரிந்தது அதில் தெரியாது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மார்ச்சில் ‘ஈக்வினாக்ஸ்’ வந்தால் 40 டிகிரி கொளுத்தும் என்பது புரளி. சம இரவுநாள் ஆண்டுக்கு இருமுறை வந்து போகிறது. பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ல் பதிவான 40.1 டிகிரி, கடுமையான எல் நினோ ஆண்டில் வந்தது. ஏர்கோன் போட்டால் புகை வராது என்பதும் தவறு, வீட்டு ஏர்கோனின் வலை 2.5 மைக்ரோன் துகளைப் பிடிக்காது. துணி முகக்கவரியும் அதைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வேண்டும்.

திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். மட்டையைச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே அடுக்கி மக்கவிடுங்கள், மண்ணுக்கே உரமாகும். அடுத்த ஜூலையில் அந்தச் செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். எரிப்பதைக் கண்டால் அண்டைவீட்டுக்காரர் என்று தயங்காமல் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணை அழையுங்கள்.