வலு முதலில் நரம்பில் ஏறும்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் உடல் வலுவைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. முந்திரிக்காடும் கடலைக்கொல்லையுமாக உழைத்துப் பழகிய வட்டாரம். வட்டத்துக்குள்ளேயே இருக்கும் தச்சங்குறிச்சியில்தான் ஜனவரி பிறந்ததும் தமிழகத்தின் அந்த ஆண்டுக்கான முதல் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறக்கிறது. உடம்பை முறுக்கேற்றுவது பற்றி ஜிம்மிலும் டீக்கடையிலும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சில சரி, பல தவறு. தவறான யோசனைகளால் அதிகம் இழப்பவர்கள் இரண்டு பேர். அவசரப்பட்டு ஊசி போட்டுக்கொள்ளும் இருபது வயதுப் பையன் ஒருவன். "இனிமே நமக்கென்ன" என்று கட்டிலோடு உட்கார்ந்துவிடும் எழுபது வயது அப்பத்தா இன்னொருவர். இந்த வாரப் பத்தி அந்த இருவருக்காகவும்.

நம்பிக்கை: சதை ஏறினால்தான் வலு ஏறும்

"ஒரு மாசமாப் போறேண்ணே, கை அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி ஜிம்மை விட்டு நின்றுவிடுபவர்கள் நிறைய. அப்படி நின்ற பையனிடம் எத்தனை கிலோ தூக்குகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரத்தில் எந்த டம்பெல்லைத் தூக்கக் கை நடுங்கியதோ, அதையே இப்போது பத்துப் பன்னிரண்டு முறை தூக்குவான். டேப் வைத்து அளந்தால் கையின் சுற்றளவு மாறியிருக்காது. அப்படியானால் கூடிய வலு எங்கிருந்து வந்தது?

நரம்பு மண்டலத்திலிருந்து. (முன்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதைச் சொல்லவில்லை. அவை ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள்.) தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் தசையில் தனக்கென்று ஒரு கூட்டம் இழைகளை வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவுக்குப் பத்து இழை என்ற அளவில்தான் இருக்கும். கெண்டைக்காலில் அது ஆயிரத்தைத் தாண்டும். நரம்பணு துடிக்கும்போது அதன் இழைகள் அத்தனையும் சேர்ந்து சுருங்குகின்றன. லேசான வேலைக்குச் சிறிய நரம்பணுக்களே போதும். பாரம் கூடக் கூடத்தான் பெரியவை வந்து சேரும். ஹார்வர்டில் பணியாற்றிய எல்வுட் ஹென்னமன் கண்டறிந்த வரிசை இது.

பயிற்சியில்லாத உடம்பில் பெரிய நரம்பணுக்கள் தாமதமாக வருகின்றன, மெதுவாகத் துடிக்கின்றன. போதாக்குறைக்கு எதிர்ப்பக்கத் தசையும் இறுகி நின்று தடுக்கிறது. தேர் வடத்தில் நூறு கை இருந்தும் பாதிப்பேர் பேருக்குப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பின்னாலும் இழுத்தால் எப்படியிருக்குமோ அப்படி. பயிற்சியின் முதல் வாரங்களில் புதிதாக ஆள் சேர்வதில்லை. இருப்பவர்கள் ஒழுங்காக இழுக்கத் தொடங்குகிறார்கள்.

இது ஊகமாகச் சொல்வதல்ல. 1979-இல் மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள், முழங்கையை மடக்கும் தசைகளுக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, தசையில் எழும் மின்துடிப்பை அளந்தார்கள். தொடக்கத்தில் கூடிய வலுவில் பெரும்பங்கு நரம்பினுடையது, தசையின் பருமன் பிறகுதான் பங்கெடுத்தது என்று தெரிந்தது. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் நுட்பமாகப் போய், நரம்பணுக்களைத் தனித்தனியாகவே பின்தொடர்ந்தது. நான்கே வாரப் பயிற்சியில் அவை முன்னைவிடக் குறைந்த பாரத்துக்கே விழித்தன, வேகமாகவும் துடித்தன.

இதைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்த மறுகையிலும் வலு கூடியிருந்தது. வேலையே செய்யாத கையில் சதை வளர வழியில்லை, மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொண்டதுதான் அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு எத்தனையோ ஆய்வுகள் இதை உறுதிசெய்துவிட்டன. வண்டியிலிருந்து விழுந்து ஒரு கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால், கட்டுப் போட்ட கை இழக்கும் வலுவில் ஒரு பகுதியைக் காப்பாற்றலாம். நம் ஊரில் கட்டுப் போட்டவரை ஆறு வாரமும் அசையவிடாமல் உட்கார வைப்பதுதான் அன்பு என்று நினைக்கிறோம்.

பளுதூக்கும் போட்டிகளைப் பார்த்தாலும் விளங்கும். உடல் எடைக்கு வரம்பு வைத்துத்தான் அங்கே பிரிவுகள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் 149 கிலோவை ஸ்நாட்ச் முறையிலும் 179 கிலோவை கிளீன் அண்ட் ஜெர்க் முறையிலும் தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்டில் அதே பிரிவில் இன்னொரு தங்கம். நம் புதுக்கோட்டை மாவட்டத்து நெம்மேலிப்பட்டியில் பிறந்து, காவல்துறையில் உதவி ஆய்வாளரான அனுராதா, 2019-இல் சமோவாவில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். எடை வரம்பைத் தாண்டாமல் வலுவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது இவர்களுடைய தொழில். அதில் நரம்பு கற்றுக்கொள்ளும் ஒழுங்குக்குப் பெரிய பங்கு உண்டு. இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்த்த பெரியவர்களுக்கும் இது தெரிந்ததுதான். குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சில் தாங்கி, பிறகே தோளுக்கு என்ற வரிசை உடம்பில் படியாதவன், எவ்வளவு பெரிய ஆளானாலும் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஆகவே தம்பிகளே, முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். எத்தனை கிலோ, எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பருமன் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

நம்பிக்கை: காட்டு வேலை செய்கிற உடம்புக்குப் பயிற்சி எதற்கு?

இதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் பதில் சொல்வது கடினம். மூட்டை தூக்குபவரின் முதுகும் பிடியும் நகரத்து அலுவலர் கனவிலும் காணாத வலு உடையவை. ஆனால் உடம்பு, தன்னிடம் கேட்கப்படும் அளவுக்கு மட்டுமே மாறும். பத்து வருடமாக அதே எடை மூட்டை என்றால், முதல் சில மாதங்களிலேயே மாற வேண்டியது மாறி முடிந்துவிட்டது. மீதி வருடங்கள் எல்லாம் தேய்மானம்தான். பயிற்சியில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம், நடுவில் ஓய்வு விடுகிறோம். கூலி வேலையில் இரண்டுக்கும் இடமில்லை.

ஓய்வு ஏன் என்பதற்குத் தசைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாரத்தின் இழுவிசையை உணர்ந்த தசை இழை, அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குப் புரதம் கட்டும் வேலையை முடுக்கிவிடுகிறது. சுருங்குவதற்கான ஆக்டின், மயோசின் என்னும் புரத நூல்கள் கூடுதலாகச் சேர்கின்றன. இழை தடிக்கிறது. இழைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. இழையை ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கும் துணை அணுக்களும் விழித்து, இழைக்குப் புதிய உட்கருக்களைக் கொடுக்கின்றன. 1961-இல் அலெக்சாண்டர் மாரோ என்பவர் கண்டுபிடித்த அணுக்கள் இவை. இத்தனையும் நடப்பது பாரத்தை இறக்கிவைத்த பிறகு, சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில்.

வேலை எல்லாத் தசைக்கும் சமமாகப் போவதுமில்லை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு விரல்களும் மணிக்கட்டும் ஓயாமல் உழைக்கின்றன. தொடையும் இடுப்பும் மடங்கியே கிடக்கின்றன. அவருக்கு வேண்டியது கைக்கு இன்னும் பாரம் அல்ல, மாலையில் பத்து நிமிடம் காலுக்கு வேலை. அப்புறம், "உழைச்ச உடம்பு" என்று பெருமைப்படும் பலர் இப்போது உழைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உழவுக்கு டிராக்டர், கடைக்குப் போக பைக். இவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஒருமுறை வலுவேறிய தசை, விட்டுப்போன பின் மீண்டும் தொடங்கினால் புதியவரைவிட விரைவாகத் தேறுகிறது.

நம்பிக்கை: வயதானவர்கள் பாரம் தூக்கக் கூடாது

எல்லா நம்பிக்கைகளிலும் அதிகக் கேடு செய்வது இதுதான் என்பேன். அப்பத்தா தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் போதும், வீடே சத்தம் போடும். பிறகு அரிசிப் பையும் கூடாது, படியும் கூடாது. அக்கறையோடு செய்வதுதான். ஆனால் அந்த அக்கறை ஒவ்வொரு மாதமும் அவருடைய காலிலிருந்து கொஞ்சம் வலுவைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

வயது ஏற ஏறத் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் சில மடிகின்றன. அவற்றின் இழைகள் அநாதையாகின்றன. சிலவற்றைப் பக்கத்து நரம்பணு கிளை விட்டுத் தத்தெடுத்துக்கொள்ளும், மற்றவை சூம்பிப்போகும். வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் முதலில் பாதிக்கப்படும். தடுக்கி விழப்போகும்போது சட்டென்று காலை ஊன்றித் தாங்குபவை அவைதான். முதுமையில் தசை குறைவதைவிட வேகமாக வலு குறைகிறது என்பதும் உறுதியாகத் தெரிந்த செய்தி.

இது விதி என்று விட்டுவிடாமல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோனும் அவர் குழுவினரும் முதியோர் இல்லத்தில் ஒரு முயற்சி செய்தார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வில் சேர்ந்த 10 பேருக்கும் வயது 86 முதல் 96 வரை. எல்லோரும் தளர்ந்தவர்கள். எட்டு வாரம், தொடைக்குக் கனமான பாரப் பயிற்சி. முடித்த 9 பேரின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்பு கூடியது 9 விழுக்காடுதான். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். தொண்ணூறு வயதிலும் நரம்பு கற்றுக்கொள்கிறது. அவர்களில் இருவர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல், பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள் செய்ய வேண்டும். இதற்கு ஜிம் வேண்டாம். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மீண்டும் உட்கார வேண்டும். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து, பிறகு இரண்டு சுற்று. எளிதாகிவிட்டால் மடியில் இரண்டு கிலோ அரிசிப் பை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது இன்னொன்று. தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், அண்மையில் கண்ணிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் அதையும் கேளுங்கள்.

இன்னும் சில

பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாகிவிடும் என்பது தவறு. இரண்டும் வேறு வேறு அணுக்கள், ஒன்று மற்றொன்றாக மாறாது. பழைய சாப்பாடு தொடர்ந்து, உழைப்பு நின்றால் தசை மெலியும், கொழுப்பு தனியே சேரும்.

பெண்கள் பாரம் தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்பதும் தவறு. ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பெண்களுக்கு வலு நன்றாகவே ஏறும், அந்த அளவுப் பருமன் வராது.

மறுநாள் வரும் வலி லாக்டிக் அமிலத்தால் அல்ல. அது ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். பழகாத வேலையில், அதுவும் பாரத்தைக் கீழே இறக்கும்போது, இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் வருவது அது. இரண்டாம் முறை அதே வேலைக்கு வலி வெகுவாகக் குறையும். வலித்தால்தான் வளரும் என்று தேடிப்போய் வலியை வாங்க வேண்டாம்.

பவுடர் இல்லாமல் உடம்பு ஏறாது என்பார்கள். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2018-இல் சொன்னார்கள். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம், கொள்ளில் 22 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். முட்டை, மீன், பருப்பு, பால் என்று கலந்து சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்ட வேண்டும்.

ஊசி விஷயத்தில் தயக்கமில்லாமல் சொல்கிறேன்: போடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத் தசை தடிக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது சட்டப்படியும் குற்றம்.

கடைசியாக, இந்தப் பக்கத்தில் ஜிம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலைக் கூட்டம் கலைந்த பிறகு மாலை வரை உங்கள் கூடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், அதை ஊரிலுள்ள பெண்களுக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் திறந்துவிடுங்கள். இரண்டு நாற்காலியும் இரண்டு கிலோ டம்பெல்லும் இருந்தால் தொடங்கிவிடலாம்.